மாப்பிள்ளை வீடு மிதந்துகொண்டிருந்தது

எங்கள் மலையில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்கப்புறம் மாட்டுக் கொட்டகை. மாடு ஒல்லியாக இருந்தால் மருமகளும் ஒல்லியாகிவிடுவாள் என்பது கணக்கு. நான் பார்க்கப் போன வீட்டில் கிணறு இல்லை. சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. கூரைக்குப் பதில் ஒரு துணி கட்டியிருந்தது. மாடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் பார்த்த வீடு சாயங்காலம் வேறு நாட்டில் இருந்தது.

ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம் எங்கள் ஊர். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, சாப்பாட்டுக்கு ராகி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் யாரிடமாவது வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வராது. என் மகள் மல்லிகாவுக்கு வரும். கேட்டுக் கேட்டே நர்ஸ் படிப்பு படித்து, கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்கிற தீவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் போனில், "அப்பா, ஒருத்தரப் புடிச்சிருக்குதுங்கப்பா. பேரு ஜெரோம். பாய்மரப் படகு ஓட்டறாரு. நீங்க வந்து பாத்துச் சரின்னு சொன்னாத்தான் கட்டிக்குவேன்" என்றாள். பொறுப்பை என் தலையில் வைப்பதில் அவள் அம்மாவைப் போலவே கெட்டிக்காரி.

செய்தி கேட்டு என் மச்சான் வீட்டுக்கு வந்தார். "கறுப்பா இருப்பானாமே?" என்று கவலைப்பட்டார். நானும் மச்சானும் மார்கழிப் பனியில் கறுப்புக் கம்பளி போர்த்தி நின்றால், இதில் ஆள் எது, கம்பளி எது என்று தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருந்தாலும் நிறத்தைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். ஜாதி, சாமி, சொந்தம் என்று மற்றவர்களும் ஆளுக்கொரு கவலையை வைத்துவிட்டுப் போனார்கள். மிளகு பறித்து முடித்த கையோடு நான் மட்டும் கிளம்பினேன். மாட்டையும் காபியையும் பார்த்துக்கொள்ள என் மனைவி சரசு வீட்டில் இருந்துகொண்டாள். சேர்வராயன் கோயில் திருநீறை மடித்து என் பையில் வைத்தவள், வாசலில் நிறுத்தி ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

"ஏனுங்க, மனசுக்கு முழுசாப் புடிக்கற வரைக்கும் அங்க கை நனைச்சுடாதீங்க."

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்க வேண்டும். சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும், அதாவது சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்து வந்துவிடலாம். யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லாத அருமையான வழக்கம். என்னைப் போன்ற ஒருவன்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் அவன் அரை நாள் வேலைக்காகக் கண்டுபிடித்தான். ஆறு நாள் படகில் ஒருவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான் என்று அவன் யோசிக்கவில்லை.

சரசு யோசித்திருந்தாள். புளிச்சோறு, தட்டைமுறுக்கு, வறுத்த ராகி மாவு, எங்கள் தோட்டத்து மிளகில் இரண்டு கிலோ எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள். செயின்ட் லூசியா விமான நிலையத்தில் சீருடை போட்ட ஓர் அம்மாள் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார். புளிச்சோற்றை முகர்ந்து பார்த்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மிளகை முகர்ந்தார், ஏழு முறை தும்மினார். எல்லாம் ஒரு பெரிய தொட்டிக்குள் போயிற்று. செடி, விதை, சமைத்தது எதுவும் தீவுக்குள் வரக் கூடாதாம். மிளகுக்காக வெள்ளைக்காரன் உயிரைக் கொடுத்துக் கப்பல் ஏறி வந்தான் என்று ஐந்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன். நாமே கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் குப்பைத்தொட்டி.

ஆக, வெறும் கையோடும் திருநீறோடும் படகுக்குப் போனேன்.

ஜெரோம் என்னைவிட ஒன்றரை முழம் உயரம். என் கையைப் பிடித்துக் குலுக்கிய பிறகு அது என்னிடமே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். படகுக்கு அவர் அம்மா பெயர், ஐரின். உள்ளே எங்கள் காபிக் களத்து அறை அளவுக்கு ஒரு கூடம், அடுப்பு, படுக்க மூன்று பொந்து. கக்கூஸுக்குப் போனால் ஒரு பிடியை இருபது முறை மேலும் கீழும் இழுத்து அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற வேலை. இதை அனுபவிக்கத்தான் பணக்காரர்கள் உலகத்தின் மறுமுனையிலிருந்து வருகிறார்களாம்.

மல்லிகா அவருக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தாள். தட்டில் பொரித்த மீனை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அதைச் சொன்னார்: "மாமா, சாப்புடுங்க."

ஆயிரம் வாக்கியம் இருக்கிற மொழியில் இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். மல்லிகாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, "அம்மா சொல்லி அனுப்புச்சா?" என்றாள். நான் கடலைப் பார்த்தேன்.

"நான் அவருகிட்ட ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். உங்க வழக்கம், நீங்களே வாயத் தொறந்து சொல்லிக்கங்க" என்றாள். என்னால் முடியாது என்று தெரிந்தே சொன்னாள்.

முதல் நாள் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் இரண்டு மலைகளின் காலடியில் நின்றோம். அங்கே நங்கூரம் போடக் கூடாது, அடியில் பவளம் உடையும், மிதவையில்தான் கட்ட வேண்டும் என்று சட்டம். அழகான இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். சுற்றி நின்ற இருபது படகிலும் ஆட்கள் மலைக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்காட்டில் பகோடா பாயிண்டில் தினமும் பார்க்கிற காட்சி. இதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் விடிந்ததும் தெற்கே புறப்பட்டோம். எனக்கும் படகுக்கும் இருந்த பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏற்காடு ஏரியில், காலால் மிதிக்கிற அன்னப்பறவைப் படகில், அரை மணி நேரம். அதிலும் கரையோரமாகவே மிதித்தேன். இங்கே தீவுக்கும் தீவுக்கும் நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு இடம் வரும், கொஞ்சம் ஆடும் என்றார்கள். வாய்க்கால் என்றதும் எனக்கு ராகி வயல் வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. வந்ததோ, படகை எடுத்துத் தலைகீழாக உதறிப் பார்க்கிற ஒன்று. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் கீழ்நாட்டுக்காரர்களைப் பார்த்து நாற்பது வருடம் சிரித்தவன் நான். அத்தனை பேரும் அன்றைக்குப் பழிவாங்கினார்கள். வெறும் வயிறாக இருந்ததால் வெளியேற ஒன்றுமில்லை. அந்த வழக்கத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

ஜெரோம் இஞ்சியும் எலுமிச்சையும் ஏதோ தழையும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, "மாமா, சாப்புடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்தது அதுதானே. கஷாயம் சாப்பாட்டில் சேருமா சேராதா என்று சரசுவைக் கேட்காமல் எப்படிக் குடிப்பது? வேண்டாம் என்று கும்பிட்டேன்.

"பல்ஸ் பாக்கட்டுமாப்பா?" என்றாள் மல்லிகா. "வவுத்துல என்ன கோளாறுன்னு எனக்குத்தான் தெரியுமே."

சாயங்காலம் பெக்கியா என்கிற தீவின் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். வேறு நாடு, பாஸ்போர்ட்டில் வேறு முத்திரை. இந்தப் பக்கத்துக் கடலில், மாரமங்கலத்தில் பஸ் ஏறிச் சேலம் போய் இறங்குவதற்குள் ஒரு நாடு முடிந்து அடுத்த நாடு வந்துவிடும் போலிருக்கிறது. வளைந்த கரை, பச்சை மலை, சிவப்புக் கூரைகள், நூறு படகுகள். இந்த அழகுக்கு நடுவில்தான் ஒரு வேடிக்கை பார்த்தேன்.

நங்கூரம் போடுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் பின்னால் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், ஒருவர் முன்னால் நின்று சங்கிலியை விட வேண்டும். அநேகமாகப் புருஷன் பின்னால், பெண்டாட்டி முன்னால். நடுவில் காற்றுச் சத்தம், எஞ்சின் சத்தம். எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் கல்யாண மண்டபம் போல ஒரு படகு வந்தது. அதன் எஜமான் பின்னாலிருந்து கத்திய கத்தலில் பறவைகள் எழும்பின. மல்லிகா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "இப்ப விடாதேன்னு சொன்னேனே, காது செவுடாங்கறான். நீ கைய ஆட்டறது எனக்கா கொசுவுக்கான்னு அந்தம்மா கேக்குது. ஊட்டுக்குப் போனதும் இந்தப் படகை வித்துப்போடறேங்கறான். என்னையும் சேத்து வித்துருங்குது." நங்கூரம் விழுந்ததும் இருவரும் கண்ணாடிக் கோப்பையை உயர்த்திச் சூரியன் மறைவதைப் பார்த்தார்கள். வாழ்க்கையின் மிக அழகான நாள் என்று ஊருக்குப் படம் போயிருக்கும்.

ஐரின் படகில் சத்தமே இல்லை. மல்லிகா முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினால் படகு பின்னால் போகும், விரல்களை மடக்கினால் நிற்கும். நங்கூரம் விழுந்த பிறகு ஜெரோம் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து, அது மண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். தான் போட்ட நங்கூரத்தைத் தானே நம்பாத ஆளை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அப்போது நினைத்தேன்.

கரைக்குப் போய்க் கடையில் சாப்பிடுவதற்குத் தடை கிடையாது. சிறு ரப்பர் படகில் என்னைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கடைக்காரப் பெண் என்னென்னவோ கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேகவைத்த வாழைக்காயும் தடித்தடியாக ஒரு கறியும் வந்தன. பசிக்கு முழுவதையும் தின்றேன். சங்குக் கறி என்று அப்புறம் மல்லிகா சொன்னாள். சங்கை ஊதுவார்கள் என்று தெரியும். அதற்குள் குடியிருக்கிறவரைத் தின்பார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது படகில் என் பங்குச் சாப்பாடு ஒரு தட்டில், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தது. ஜெரோம் ஒவ்வொரு வேளையும் அப்படி எடுத்து வைப்பார். நான் தொடாமல் இருந்ததை அடுத்த வேளைக்கு அவரே தின்றுவிட்டு, புதிதாக ஒன்றை மூடி வைப்பார்.

மறுநாள் காலையில் சரசுவைப் போனில் பிடித்தேன்.

"படகுல வந்து ரொட்டி விக்கறாங்க சரசு. அத வாங்கித் திங்கலாமா?"

"யாரு ஊட்ல ஒக்காந்து திம்பீங்க?"

"படகுலதான்."

"படகு அவரு ஊடுதானுங்க? அந்த ஊட்ல ஒக்காந்து எதத் தின்னாலும் கை நனைச்ச மாதிரிதான். பச்சத்தண்ணி குடிச்சுக்கங்க."

"காபி?"

"ஏனுங்க, நாம காபி குடிக்கவா போயிருக்கறோம்?"

கோர்ட்டில்கூட மேல்முறையீடு உண்டு.

மூன்றாம் நாள் நின்ற இடத்தில் ஊரே இல்லை. நாலைந்து மணல் திட்டுகள், அதைச் சுற்றிப் பவளப் பாறை, அதற்கப்பால் ஆப்பிரிக்கா வரைக்கும் வெறும் கடல். தண்ணீர் ஏழெட்டு விதமான நீலம். ஆமைகள் மூச்சு விட வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயின. உலகத்திலேயே அழகான இடங்களில் ஒன்று என்று மல்லிகா சொன்னாள். ஒரு டீக்கடை இல்லாத இடத்தை எப்படி அழகு என்று சொல்கிறார்களோ.

ரொட்டிக்காரர் படகில் வந்தார். நான் ஒன்று வாங்கி, கரையைக் கையால் காட்டினேன். ஜெரோம் ஒரு வார்த்தை கேட்காமல் ரப்பர் படகை எடுத்து என்னை மணல் திட்டில் இறக்கிவிட்டார். உச்சி வெயிலில், ஒரு புதர் ஓரமாக உட்கார்ந்து வெறும் ரொட்டி தின்றேன். முழ நீளத்துக்கு ஒரு உடும்பு வந்து என் எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதைப் பார்த்தது. தண்ணீரில் ரப்பர் படகைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று ஜெரோமும் பார்த்தார். இரண்டு பேரில் உடும்புக்குத்தான் என் நிலைமை புரிந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவர் என்ன தப்பு செய்தோம் என்று மல்லிகாவிடம் கேட்டிருக்கிறார். உப்பு அதிகமா, மீன் ஆகாதா, அடுப்பு சுத்தமில்லையா என்று. சாயங்காலம் அடுப்பைக் கழற்றித் துலக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. சங்கடமாக இருந்தால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன், கடலைப் பார்த்தேன்.

நான்காம் நாள் யூனியன் தீவு. இரண்டு வருடத்துக்கு முன் அடித்த புயலில் அந்தப் பக்கத்துத் தீவுகளெல்லாம் கூரை இழந்து, இன்னும் பல வீடுகளில் நீலத் தார்ப்பாய்தான் கூரை. ஜெரோமின் வீடு அடுத்த தீவான கரியாகூவில் இருந்ததாம். இப்போது நான்கு சுவர் மட்டும் நிற்கிறது. அதனால்தான் படகில் குடித்தனம்.

"கூரை எப்பப் போடுவாராம்?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"அவங்கம்மா ஊட்டுக்கு மொதல்ல போட்டுட்டாரு. அடுத்து பக்கத்தூட்டுக் கெழவர் ஒருத்தருக்கு. அப்புறந்தான் அவருது."

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்ததில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல். நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு அவங்கம்மா ஊட்ல விருந்து. நீங்க நாலு நாளா எதுவுந் தொடலைங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல ஒருத்தர் சமைச்சத ஒருத்தர் தொடலைன்னா, அதுல ஏதோ வெச்சிருக்கறாங்கன்னு சந்தேகப்படறாங்கன்னு அர்த்தமாம். எங்கையால சாப்புடாத ஊட்ல எம்மவன் பொண்ணெடுக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. அவங்க சொன்னா இவரு மீறமாட்டாரு. நீங்க சொல்லாம நானும் கட்டமாட்டேன்."

நான் மறுபடி கடல் பக்கம் திரும்பினேன்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லீருங்கப்பா. பட்டினி கெடந்து சொல்லாதீங்க."

"வேண்டாம்னு நெனைக்கலயே சாமி. இன்னும் பாத்து முடிக்கல."

"என்னத்தப் பாக்கறீங்க? நாலு நாளாக் கடலத்தான் பாக்கறீங்க."

உண்மைதான். கிணறும் கொட்டகையும் இல்லாத வீட்டில் எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆளைப் பார்க்கலாம் என்றால், நான் ஆட்களின் முகத்தை நேராகப் பார்த்துப் பழக்கமில்லாதவன்.

ஐந்தாம் நாள் காலையில் கரியாகூவுக்குப் புறப்பட்டோம். அலை அடிக்க, படகின் மூக்கில் தொங்கிய நங்கூரம் டொக், டொக் என்று இடித்துக்கொண்டே வந்தது. சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு சின்ன உபகாரமாவது செய்வோம் என்று, கிடந்த கயிற்றை எடுத்துக்கொண்டு தவழ்ந்து போய், நங்கூரத்தைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். ஏணிக்கட்டு கட்டினேன்.

மிளகு பறிக்கிறவர்களுக்கு அது தெரியும். மிளகுக்கொடி ஏறிய நாற்பதடி சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மேலே அந்தக் கட்டைப் போட்டால், மரம் விழுந்தாலும் ஏணி அவிழாது. போட்டுவிட்டு இன்னும் இரண்டு சுற்று சுற்றி, காலால் உதைத்து இறுக்கினேன். டொக், டொக் நின்றது. மல்லிகாவிடமும் ஜெரோமிடமும் சொல்லவில்லை. உபகாரத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தேன்.

கரியாகூவின் துறைமுகம் நெருக்கமாக இருந்தது. படகுகளுக்கு நடுவில் ஒரு சந்து பார்த்து ஜெரோம் நுழைத்தார். மல்லிகா முன்னால் போய்ச் சங்கிலியை விடக் குனிந்தாள். நங்கூரம் அசையவில்லை. இழுத்தாள், உதைத்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதற்குள் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. எதிரில் பெக்கியாவில் பார்த்த அதே கல்யாண மண்டபம். அந்த எஜமான் மேல்தளத்துக்கு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். சுற்றியிருந்த படகுகளில் எல்லாரும் காபிக் கோப்பையோடு வெளியே வந்து நின்றார்கள். இத்தனை பேர் என்னைப் பார்த்தது என் கல்யாணத்தில்கூட இல்லை. ஜெரோம் சக்கரத்தைத் திருப்பி, கைக்கெட்டும் தூரத்தில் விலக்கி, துறைமுகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே கொண்டுவந்தார். நான் நாலு காலில் முன்னால் போய் முடிச்சைப் பிடித்தேன். உப்புத் தண்ணீரில் ஊறி அது கல்லாகியிருந்தது. என் கட்டு எனக்கே அவிழவில்லை.

ஜெரோம் மல்லிகாவைச் சக்கரத்துக்கு வரச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார். சுவரில்லாத அவ்வளவு பெரிய கடலில் ஒதுங்க எனக்கு ஓரம் கிடைக்கவில்லை. இப்போது கத்துவான், கத்த வேண்டிய இடம்தான், நானாக இருந்தால் கத்தியிருப்பேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்து முடிச்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே ரசித்துப் பார்த்தார். அப்புறம் கத்தியை எடுத்து அறுத்தார். அறுக்கும்போது ஏதோ சொன்னார். பின்னாலிருந்து மல்லிகா குரல் கொடுத்தாள்: "நொம்ப நல்ல கட்டாம்ப்பா. அறுக்க மனசு வரலயாம். அடுத்த புயலுக்குக் கூரையக் கட்ட உங்களத்தான் கூப்புடுவாராம்."

மறுபடி உள்ளே போனோம். முதல் தடவை நங்கூரம் மண்ணைப் பிடிக்கவில்லை. எடுத்தார்கள். இரண்டாம் தடவையும் இழுத்துக்கொண்டு வந்தது. எடுத்தார்கள். மூன்றாம் தடவை மல்லிகா அவசரப்பட்டுச் சங்கிலியை முன்னாலேயே விட்டுவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தல் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். ஜெரோம் கையை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார், மறுபடி எடு என்று. அவ்வளவுதான். ஊரே வேடிக்கை பார்க்க, நான்காம் தடவை போட்டார்கள். பிடித்தது. வழக்கம் போலக் குதித்துப் போய் அடியில் பார்த்துவிட்டு வந்து, மல்லிகாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

நான் போன தை மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏணியின் அடியைச் சரசு பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே நான் கட்டிய கட்டு அன்றைக்குச் சரியில்லை. இறுக்கவில்லை. ஏணி ஒரு முழம் நழுவியது, நான் கிளையைப் பிடித்துத் தொங்கினேன். தொங்கியபடியே அவளைத் திட்டினேன். கூட்டுறவுக் கடை வரைக்கும் கேட்டதாக மறுநாள் சொன்னார்கள். தப்பு என்னுடையது, சத்தம் அவளுக்கு. யாரிடமும் வாய் திறக்காதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். ஏணி மேல் நிற்கும்போது மட்டும் நான் அந்த வெள்ளைப் படகின் எஜமான்.

கிணறு, கூரை, கொட்டகை. இத்தனை வருடமாக எதைப் பார்த்துவிட்டு நாங்கள் பெண் கொடுக்கிறோம்?

படியில் இறங்கி உள்ளே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், கவிழ்த்த தட்டின் அடியில், என் காலைச் சாப்பாடு இருந்தது. மாவில் பொரித்த தடித்த ரொட்டி இரண்டு, கொஞ்சம் கருவாடு, ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. கையைக் கழுவிவிட்டு, நின்றபடியே, ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். திரும்பினால் படியில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் அல்லவா, அழமாட்டாள். "மெதுவாத் தின்னுங்கப்பா, வெக்கிக்கும்" என்று சொல்லித் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

அவளுக்குப் பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்து, இனி தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

மதியம் சம்பந்தியம்மா வீட்டில் விருந்து. ஐரின் அம்மாளுக்கு மகனைவிட அகலம். புதுத் தகரக் கூரையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்து, கோர்ட்டில் நீதிபதி பார்ப்பது போல என்னைப் பார்த்தார். மேசையில் மக்காச்சோள மாவைக் கிண்டி உருட்டிய பெரிய உருண்டை, துவரை போட்ட குழம்பு. எங்கள் ஊர்க் களியேதான், ராகிக்குப் பதில் சோளம். உலகத்தைப் பாதி சுற்றி வந்து, தின்னாமல் காத்திருந்து, கடைசியில் களி. வயிற்றில் இடமில்லாமல்தான் உட்கார்ந்தேன். முதல் உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கினேன். அந்த அம்மாள் முகம் மாறவில்லை. இரண்டாவது உருண்டை. மூன்றாவதைக் கேட்காமலே வைத்தார். போதும் என்று தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தேன். கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு நான்காவதைப் போட்டார். மல்லிகாவிடம் ஏதோ சொன்னார்.

"உங்களுக்கு வவுத்துக் கோளாறுன்னு யாரு சொன்னதுன்னு கேக்கறாங்க" என்றாள் மல்லிகா. அப்போதுதான் அந்த அம்மாள் சிரித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. அந்த வீட்டில் சத்தம் யாருடையது என்று அப்போது தெரிந்தது.

சாப்பிட்டு எழுந்து வேலியோரம் போய்ச் சரசுவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இங்க பத்தரை ஆச்சுங்க. தூங்காமத்தான் ஒக்காந்திருக்கறேன். என்னாச்சு?"

பின்னால் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை நனைச்சுட்டேன் சரசு."

"என்னங்க? ஒண்ணுங் கேக்கல. காத்துச் சத்தந்தான் வருது. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஏணி மேல நின்னா மட்டும் மலைக்கே கேக்குதில்ல?"

நான் அதே குரலில் இன்னொரு முறை சொன்னேன்.